தினமும் ஏன் பெயர் கேட்கிறார்கள்?

கேள்வி: அம்மாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். 35 நாள் ரேடியேஷன். தினமும் பெயர், பிறந்த தேதி கேட்டு, தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் போட்டுப் படமெடுத்த பிறகுதான் தொடங்குகிறார்கள். எல்லாம் மெஷினில் பதிந்திருக்கும்போது இவ்வளவு தாமதம் எதற்கு?

பதில்: பதிந்ததே தவறாக இருந்தால், மெஷின் 35 நாளும் அதே தவறைப் பிசகாமல் செய்யும். அஞ்ச வேண்டியது இதற்குத்தான். ஒரு நாள் அம்மா 2 மில்லிமீட்டர் விலகிப் படுத்தால் அது அன்றோடு போயிற்று. சிகிச்சைத் திட்டத்தில் விழுந்த பிழை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

2000-2001இல் பனாமாவில் 28 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு போனது. நல்ல உறுப்புகளில் கதிர் படாமல் மறைக்கும் உலோகக் கட்டைகளின் விவரத்தை வழக்கமில்லாத முறையில் கணினியில் ஏற்றினார்கள். அது மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, சிகிச்சை நேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாகக் காட்டியது. தாளில் ஒரு கைக்கணக்குப் போட்டிருந்தால் முதல் நோயாளியிலேயே பிடிபட்டிருக்கும். கதிர் படுவதற்கு முன்பே மருத்துவ இயற்பியலாளர் கணக்கை வேறொரு வழியில் மறுபடி போட்டுப் பார்ப்பது அதனால்தான். தினமும் காலையில் மெஷின் தரும் கதிரின் அளவையும் சோதிப்பார்கள். 3 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் தெரியும்வரை சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

இனி அந்தப் படம். மாஸ்க்கில் உள்ள குறியை லேசர் கோட்டோடு பொருத்தி, அங்கிருந்து திட்டத்தில் சொன்ன தூரம் படுக்கையை நகர்த்துவார்கள். இடப்பக்கம் 3 செ.மீ. நகர்த்த வேண்டியதை வலப்பக்கம் நகர்த்திவிட்டால் பிசகு 6 செ.மீ.! முதல் நாள் படத்திலேயே இது அகப்பட வேண்டும். எடை குறைந்து மாஸ்க் தளர்ந்தாலும் படம் காட்டிக் கொடுக்கும். அப்போது புது மாஸ்க், புது ஸ்கேன், தேவைப்பட்டால் புதுத் திட்டம். மாஸ்க்குக்குள் முகம் அசைவதாக அம்மா சொன்னால் அன்றே ஊழியரிடம் தெரிவியுங்கள்.

பெயரை அம்மாவே தன் வாயால் சொல்லட்டும். "நீங்கள்தானே கமலா?" என்று கேட்டால், களைப்பில் இருப்பவர் வேறு பெயருக்கும் தலையாட்டிவிடுவார். "உங்கள் பெயர் என்ன?" என்பதுதான் சரியான கேள்வி.

கேள்வி: பாதியில் மெஷின் நின்று, பிறகு தொடர்ந்தது. அளவு கூடியிருக்குமா?

பதில்: பொதுவாகக் கூடியிருக்காது. மெஷினின் தலைப்பகுதியில் தனித்தனியாக இயங்கும் இரண்டு உணர்கருவிகள் வெளிவரும் கதிரை எண்ணிக்கொண்டே இருக்கும். நின்ற இடம் பதிவாகிவிடும். மீதியை மட்டும்தான் கொடுப்பார்கள். மின்சாரமே போயிருந்தால், நின்றபோது காட்டிய எண்ணைக் குறித்துவைத்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.