உவள்

அன்புள்ள ஐயா,

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில், பெண்களுக்கான ஒதுக்கீட்டில் என் பெயரையும் பட்டியலில் சேர்த்தார்கள். அன்று தொடக்கம், யாரோடு திரிந்து இந்த இடத்தை வாங்கினேன் என்று என் படத்தோடு முகநூலில் எழுதுகிறார்கள். மற்றக் கட்சிப் பெண்ணை யாரும் தொடவில்லை. அவள் படிக்காதவள், அவளுக்கு மேடையில் கதைக்கவும் தெரியாது. அந்தக் கட்சியின் முதன்மை வேட்பாளர் காசு அடித்தவர் என்று ஊருக்கே தெரியும், அவரைக்கூட இப்படி எழுதவில்லை. இதற்குச் சினிமாதான் காரணமா? நான் பதில் எழுதுவதா, விலகுவதா?

(பெயர் தவிர்த்து, சுருக்கி வெளியிட்டிருக்கிறேன்.)

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் ஒரு சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். விலகவேண்டாம். அந்தப் பதிவுகளைத் திகதி தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள். சினிமாவை விடுங்கள். 2012 இல் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ரோசி சேனநாயக்க கேட்ட கேள்விக்கு ஓர் அமைச்சர் அவருடைய அழகை வர்ணித்துப் பதில் சொன்னார்; அந்த அமைச்சருக்கு எந்த இயக்குநரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் யோசித்த சொல் 'உவள்'. 'இவள்' அருகில், 'அவள்' தூரத்தில், 'உவள்' இரண்டுக்கும் நடுவில். தமிழகத்தில் வழக்கொழிந்த உகரச் சுட்டு எங்கள் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மேடைகளில் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையை வன்னியில் எதற்குச் செலவழிக்கிறோம் என்று பாருங்கள். களவெடுத்த அரசியல்வாதியைத் திட்டும்போதும் 'உவர் எல்லாத்தையும் சுருட்டிப்போட்டார்' என்கிறோம். திட்டு இருக்கிறது, மரியாதைக்குரிய 'ர்' விழவில்லை. ஒரு பெண் வேட்புமனுவில் கையெழுத்து வைத்த அன்றே அவர் 'உவள்' ஆகிவிடுகிறார். தூஷணம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. விகுதி விழுந்த இடத்தில்தான் அது வந்து குந்துகிறது.

இனி உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசியுங்கள். காசு அடித்தவர் உங்களுக்கு 'அவர்'. உங்களைப் போலவே அதே ஒதுக்கீட்டில், அதே வெயிலில் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்த பெண் 'அவள்', அதுவும் 'படிக்காதவள்'. முகநூலில் உங்களை எழுதுகிறவனுக்கும் உங்களுக்கும் இந்த இடத்தில் என்ன வித்தியாசம், பிள்ளை? எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

கோபம் வந்ததற்குக் காரணம் பழையது. 1979 இல், எனக்குப் பதின்மூன்று வயது. பாம்பு கடித்து ஐயா இறந்த பிறகு, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழிருந்த எங்கள் வயலை அம்மாவே செய்தார். சிறுபோகக் கூட்டத்துக்கு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இத்தனை ஏக்கர் விதைத்தால் வாய்க்காலின் கடைசிக் காணிகளுக்குக் கதிர் வரும் நேரம் தண்ணீர் எட்டாது என்று எழுந்து சொன்னார். கிழமைக்குக் கிழமை குளத்து நீர்மட்டத்தைக் குறித்துவைத்த கொப்பித்தாள் ஒன்று, நாலாக மடித்து, அவருடைய கொட்டப்பெட்டியில் வெற்றிலையோடு இருந்தது. அதை விரிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர், "உவளுக்கு என்ன தெரியும், இருக்கச் சொல்லுங்கோ" என்றார். சற்று நேரத்தில் வேறொருவர் அதே கதையைச் சொன்னார். "அவர் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு" என்று ஏக்கரைக் குறைத்தார்கள். அம்மா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். சுண்ணாம்பு பட்டு அதன் ஒரு மூலை வெளுத்திருந்தது.

அன்று எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. அம்மா எழும்பிக் கதைத்தாரே என்றுதான் வெட்கப்பட்டேன். வீடு வரும்வரை அவரோடு சேர்ந்து நடக்காமல் பத்தடி பின்னாலேயே வந்தேன்.

பதில் எழுதுவதா என்று கேட்டிருந்தீர்கள். போலிக் கணக்குக்கு வேண்டாம். மற்றக் கட்சிப் பெண்ணின் வீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய படமும் எங்காவது சுற்றுகிறதா என்று போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். முழுக் கடிதத்தில் ஒன்பது இடத்தில் 'அவள்' போட்டிருக்கிறீர்கள், எண்ணி வைத்திருக்கிறேன்.