ஆட்டத்தில் ஜெயித்தால் தொழில் வந்துவிடுமா?

கேள்வி: கல்லூரியில் தொழில்முனைவு பாடம் எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு கம்பெனியை நடத்தும் சிமுலேஷன் விளையாட்டை வகுப்பில் சேர்த்தோம். மாணவர்கள் குஷியாக ஆடுகிறார்கள். ஆனால் மூன்றாவது வாரமே ஒரு குழு, எந்த எண்ணைப் போட்டால் முதலிடம் வரும் என்று கண்டுபிடித்துவிட்டது. இதில் நிஜமாகவே எதையாவது கற்கிறார்களா? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: கற்கிறார்கள், ஆனால் அந்தக் குழு கற்றது மென்பொருள் எழுதியவரின் மனசை! ஆட்டம் முடிந்தபின் வகுப்பில் என்ன பேசுகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான 'பீர் கேம்' ஆடியிருக்கிறீர்களா? சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர், ஒருவரோடொருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும்தான் கைமாறும். வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி பீர் கேட்கிறார், ஐந்தாவது வாரம் 8 ஆகிறது, அப்புறம் கடைசிவரை அதே 8தான். ஆனால் சரக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆவதால் ஆளாளுக்குப் பயந்து கூடுதலாக ஆர்டர் போட, முதலில் தட்டுப்பாடு, பிறகு குடோன் நிறையத் தேங்கிய சரக்கு. முடிவில், வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார் என்று வரையச் சொன்னால் பெரும்பாலும் மேலும் கீழுமாக அலை போல வரைவார்கள். அப்போது, ஒரே ஒருமுறை 4லிருந்து 8க்கு ஏறி அப்படியே நேராகப் போகும் நிஜக் கோட்டைக் காட்ட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை நேரமும் ஆடியது.

உங்கள் வகுப்பிலும் கடைசி அரை மணியைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். திவாலான குழுவை முதலில் பேசவிடுங்கள். கணக்கில் லாபம் இருந்தும், கடனுக்கு விற்றதால் கையில் காசில்லாமல் கவிழ்ந்த கதை கட்டாயம் ஒன்று கிடைக்கும், எந்தப் பாடப்புத்தகமும் அதை அவ்வளவு உறைக்கச் சொல்லாது.

ஒரு குறை. இந்த மாதிரி ஆட்டங்களில் பொருளும் சந்தையும் தயாராகவே இருக்கும், அதனால் நிர்வாகம் வரும். யாருக்கு என்ன தேவை என்று தேடிப்போவது வராது. அதற்கு மாணவர்களை வெளியே அனுப்பி, முன்பின் தெரியாத நாலு பேரிடம் கேட்டுவரச் சொல்வதுதான் வழி.

மதிப்பெண்ணா? ஆட்டத்தில் வந்த லாபத்துக்குப் போடாதீர்கள், போட்டால் எல்லோரும் அந்த எண்ணைத்தான் தேடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முடிவைப் பதிவதற்கு முன்பே காரணத்தை எழுதி வாங்குங்கள், அதற்குப் போடுங்கள். அந்தக் கெட்டிக்காரக் குழுவுக்கு மட்டும், மென்பொருள் இடம் கொடுத்தால், அடுத்த சுற்றில் சொல்லாமல் வட்டியை ஏற்றிவிடுங்கள்.