குமிழில் 180, உள்ளே எவ்வளவு?

சமையலறைக் கேள்வி – பதில்

புரட்டாசி பிறக்கப் போகிறது. அதைத் தொட்டே தீபாவளி வந்துவிடும். இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் வீடுகளில் ஓவனுக்கு ஓய்வே இல்லாத காலம் இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். தனித்தனியாகப் பதில் எழுத இயலவில்லை. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

*அக்கா, டர்பனில் அம்மா வீட்டில் நான் செய்த வெனிலா கேக் ஒருநாளும் தவறியதில்லை. திருமணமாகி ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு வந்தபின் அதே அளவு, அதே மாவு, அதே 180 டிகிரிதான். கேக் வேகமாகப் பொங்கி எழுகிறது. பிறகு வெந்துகொண்டிருக்கும்போதே நடுவில் அமுங்கிவிடுகிறது. மாமியார் ஓவனைக் குறை சொல்கிறார். கணவர் என்னைக் குறை சொல்கிறார்.*
– லெனேசியா வாசகி

உங்கள் மீதும் குற்றமில்லை, ஓவன் மீதும் குற்றமில்லை, தங்கையே. ஊர் மாறியிருக்கிறது. டர்பன் கடலோரம், ஜோகன்னஸ்பர்க் வட்டாரமோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைவு. மேலிருந்து அழுத்தும் காற்று குறைந்தால் மாவுக்குள் உண்டாகும் வாயு அதிகமாக விரியும். மாவும் முட்டையும் வெந்து இறுகுவதற்கு முன்பே கேக் எழும்பி, தாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிடும். அங்கே தண்ணீரும் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால் ஈரம் சீக்கிரம் ஆவியாகி, மாவில் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. சர்க்கரை கூடினால் கேக் இறுக இன்னும் நேரமாகும். இரண்டு தொல்லைகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

அளவுகளை இப்படி மாற்றுங்கள். 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடுகிற இடத்தில் ஒன்றரை போதும். ஒரு கோப்பைச் சர்க்கரையிலிருந்து ஒரு மேசைக்கரண்டியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கோப்பை மாவுக்கும் ஒரு மேசைக்கரண்டி பால் கூட்டுங்கள். மாவு இன்னும் கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு. முட்டையை நுரை தளும்பத் தளும்ப அடிக்க வேண்டாம். ஓவனை 190 டிகிரிக்கு ஏற்றுங்கள், கேக் சீக்கிரம் இறுகட்டும். வழக்கமான நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே குச்சி விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதலில் பேக்கிங் பவுடரைக் குறைத்துப் பாருங்கள். பலருக்கு அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகிகள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். உங்கள் ஊர் சுமார் 600 மீட்டர்தான். டர்பன் அளவே அங்கு சரியாக வரும். லெனேசியாத் தங்கைக்கு இன்னொரு சொல்: இட்லிக்கும் இனி சில நிமிடங்கள் கூடுதலாக வேண்டும். பருப்பைக் குக்கரில் போட்டுவிடுங்கள், திறந்த பானையில் அது உங்கள் பொறுமையைச் சோதிக்கும். இந்தப் பக்கத்தைக் கணவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

*என் நான்கட்டாய் பிஸ்கட் அடியில் கருகி, மேலே வெளுத்து நிற்கிறது. 180 டிகிரி வைத்து, ஓவனின் சூடு காட்டும் விளக்கு அணைந்த பிறகே தட்டை உள்ளே தள்ளுகிறேன். தீபாவளிக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தட்டு அனுப்ப வேண்டும், அக்கா. எப்படி அனுப்புவேன்?*
– சாட்ஸ்வர்த் வாசகி

உங்கள் கடிதத்தில் இருக்கும் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. தீபாவளித் தட்டில் மற்ற எதையும்விட நான்கட்டாயைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். குமிழ் ஒரு கோரிக்கை மட்டுமே. ஓவனுக்குள் இருக்கும் உணர்கம்பி சூடு ஏறியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும், இறங்கியதும் திரும்பக் கொடுக்கும். ஆகவே 180 என்று வைத்தாலும் உள்ளே சூடு அதற்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். பழைய ஓவனில் குமிழே 20, 30 டிகிரி தவறிக் காட்டுவதும் உண்டு. ஓவனுக்குள் கம்பித் தட்டில் மாட்டும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பாத்திரக் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. ஒரு வேளை இறைச்சிக்குச் செலவழிப்பதைவிடக் குறைவான பணத்தில் உங்கள் ஓவனின் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது, விளக்கு அணைந்தால் உள்ளிருக்கும் காற்று சூடாகிவிட்டது என்றுதான் பொருள். சுவர்கள் இன்னும் சூடாகியிருக்காது. கதவைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியே ஓடிவிடும். அடிக்கம்பி முழு வேகத்தில் எரியத் தொடங்கும். உங்கள் தட்டின் அடிப்பக்கம் அந்தச் சூட்டை நேராக வாங்கும். விளக்கு அணைந்த பிறகும் கால்மணி நேரம் பொறுத்திருங்கள். எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்து வீட்டில் கரி அடுப்பு வைத்திருந்தார். வெறும் கையை உள்ளே நீட்டி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தே ரொட்டித் தட்டை வைப்பார். அவர் பார்த்ததும் சுவரின் சூட்டைத்தான்.

மூன்றாவது, குமிழில் இருக்கும் படங்களைக் கவனியுங்கள். கட்டத்தின் அடியில் மட்டும் ஒரு கோடு இருந்தால் அடிக்கம்பி மட்டும் எரிகிறது. மேலும் கீழும் கோடு இருக்கும் படமே நான்கட்டாய்க்கு உரியது. விசிறிப் படத்தில் வைத்தால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். தட்டு நடு அடுக்கில் இருக்க வேண்டும். கறுத்த தட்டு சூட்டை அதிகம் இழுக்கும். வெளிர் நிற அலுமினியத் தட்டில் பேக்கிங் தாள் விரித்துச் செய்யுங்கள். கறுத்த தட்டுதான் இருக்கிறது என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டுகளை வையுங்கள், அடி கருகாது. 180 வேண்டாம், 160 போதும். நான்கட்டாய் சிவக்க வேண்டிய பண்டமே அல்ல. தொட்டால் ஓரம் உறுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டிலேயே ஆறவிடுங்கள், ஆறும்போது இறுகிக்கொள்ளும்.

தீபாவளி வரும் வாரங்களில் டர்பனில் புழுக்கம் தொடங்கிவிடும். உருட்டிய உருண்டைகளை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுச் சூடான ஓவனுக்கு அனுப்புங்கள். வெண்ணெய் இளகிய நிலையில் வைத்தால் நான்கட்டாய் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஓவனில் எந்த மூலை அதிகம் சுடுகிறது என்று தெரிய எளிய வழி உண்டு. பன்னி சோவுக்கு (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் நம் ஊர்ப் பண்டம்) வாங்கும் சாதாரண வெள்ளை ரொட்டியைத் துண்டுபோட்டுக் கம்பித் தட்டு முழுவதும் பரப்பி, 180 டிகிரியில் வைத்துப் பாருங்கள். எங்கே முதலில் சிவக்கிறதோ அங்கே சூடு அதிகம். தட்டைப் பாதி நேரத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அந்த ரொட்டியே காட்டிவிடும்.

*மசாலா தடவிய ஆட்டுத்தொடை ரோஸ்ட் செய்தால் மேலே மசாலா கசக்கிறது, உள்ளே வேகவில்லை.*
– வெருலம் வாசகர்

தம்பி, மிளகாய்த்தூள் வறண்ட சூட்டில் சீக்கிரம் கருகும். தயிரிலும் எண்ணெயிலும் குழைத்துத் தடவி, இரவு முழுவதும் ஊறவிட்டு, சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். 2 கிலோ தொடையை அலுமினியத் தாளால் இறுக மூடி, 160 டிகிரியில் இரண்டரை மணி நேரம் வைத்தால் நம் வீடுகளுக்குப் பிடித்தபடி நன்றாக வெந்திருக்கும். பிறகு தாளை எடுத்துவிட்டு 200 டிகிரியில் இருபது நிமிடம். நிறம் அப்போது வரும். வெளியே எடுத்ததும் அறுக்காமல் கால்மணி நேரம் விடுங்கள். கோழி என்றால், தொடையின் தடித்த பகுதியில் எலும்பைத் தொடாமல் இறைச்சி வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் பரிமாறவே கூடாது.

*புரட்டாசி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் அசைவம் இல்லை. ஆண்டு முழுவதும் இறைச்சி வெந்த ஓவனில் பெருமாளுக்குப் படைக்கும் பண்டத்தைச் செய்ய மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம், அக்கா?*
– பீனிக்ஸ் வாசகி

செய்யலாமா கூடாதா என்பதை உங்கள் கோயில் பூசாரி சொல்லட்டும், அம்மா. சுத்தம் செய்வதை நான் சொல்கிறேன். பாத்திரங்களைத் தனியாக எடுத்து வைத்து, அலமாரி வரை கழுவும் நாம் ஓவனை மட்டும் விட்டுவிடுவதில் நியாயமில்லை.

ஓவன் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சுவரில் இருக்கும் அடுப்பின் தனி சுவிட்சை அணைத்துவிடுங்கள். கம்பித் தட்டுகளைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறப் போடுங்கள். அரைக் கோப்பைச் சோடா உப்பில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் குழைத்து, சுவரிலும் தரையிலும் கதவின் உட்புறத்திலும் பூசுங்கள். சூடேற்றும் கம்பிகள், விசிறியின் துளைகள், மேலே மெல்லிய குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கம்பி ஆகியவற்றில் படக் கூடாது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரைத் தேய்க்காமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும். இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடைத்தெடுங்கள். மிச்சமிருக்கும் வெள்ளைப் படிவின் மேல் வினிகர் தெளித்தால் நுரைத்து எழும், அதையும் துடைத்துவிடுங்கள். கடைசியில் ஜன்னலைத் திறந்துவைத்து, வெறும் ஓவனை 200 டிகிரியில் அரைமணி நேரம் எரியவிடுங்கள். பழைய கொழுப்பின் வாடை அதில் போகும்.

கடையில் விற்கும் ஓவன் சுத்திகரிப்பான்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியத் தட்டில் பட்டால் தட்டையே அரித்துவிடும். மாதம் முடிந்து மறுபடி இறைச்சி வைக்கும்போது, கொழுப்பு தரையில் சொட்டாமல் இருக்கக் கீழ் அடுக்கில் ஒரு தட்டு வையுங்கள். ஓவன் தரையில் அலுமினியத் தாளை விரிக்க வேண்டாம், அடிக்கம்பியின் சூடு அதில் தடைபடும்.

அந்த மாதத்துக்கு ஒரு யோசனையும் தருகிறேன். பட்டர்நட் பூசணியையும் கத்தரிக்காயையும் பெரிய துண்டுகளாக்கி, எண்ணெய், உப்பு, மஞ்சள், சீரகத்தூள் பிசறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 200 டிகிரியில் நாற்பது நிமிடம் வையுங்கள். நெருக்கிப் பரப்பினால் வெந்துபோகும், வறுபடாது. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து மேலே ஊற்றுவது வெளியே எடுத்த பிறகுதான்.

*ப்ரீபெய்டு மீட்டரில் யூனிட் ஓடுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது?*
– டோங்காட் வாசகி

2 கிலோவாட் கம்பி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் 2 யூனிட். ஆனால் சூடு ஏறியபின் அது விட்டுவிட்டுத்தான் எரிகிறது, ஆகவே செலவு அதைவிடக் குறையும். முதல் சூடேற்றத்துக்குத்தான் அதிகம் செலவாகிறது. அதனால் ஒரே நாளில் தொடர்ந்து செய்யுங்கள்: முதலில் 160 டிகிரிக்கு நான்கட்டாய், பிறகு 180 டிகிரிக்குக் கேக், கடைசியில் 200 டிகிரிக்குக் காய்கறி. அணைத்தபின் இருக்கும் மீதிச் சூட்டில் முந்திரி வறுபட்டுவிடும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2023இல் நாம் பட்ட மின்வெட்டு இப்போது இல்லை. ஆனாலும் நம் பகுதிகளில் மின்சாரம் போகத்தான் செய்கிறது. போனால் கதவைத் திறக்காதீர்கள். குமிழை அணைத்துவிடுங்கள், நீங்கள் வெளியே போயிருக்கும்போது மின்சாரம் வந்து அது தானாக எரியக் கூடாது. பாதிக்கு மேல் வெந்த பிஸ்கட் சுவரின் சூட்டிலேயே முடிந்துவிடும். பாதி வேகாத கேக்கைக் காப்பாற்ற வழியில்லை. பாதி வெந்த இறைச்சியை மின்சாரம் வரட்டும் என்று ஓவனிலேயே விட்டுவைக்காதீர்கள். உடனே துண்டுபோட்டு, கேஸ் அடுப்பில் கறியாக வேகவைத்துவிடுங்கள்.

*மேசை மேல் வைக்கும் சிறிய ஓவனையும் கெட்டிலையும் ஒரே மல்டிபிளக்கில் போடலாமா?*
– ஸ்டாங்கர் வாசகர்

கூடாது, ஐயா. நம் சுவரில் இருக்கும் பெரிய மூன்று துளை பிளக் 16 ஆம்பியருக்கு உரியது. 230 வோல்ட்டில் அது சுமார் 3,680 வாட். கெட்டில் மட்டுமே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஓவன் 1,500 முதல் 2,000 வரை. இரண்டும் சேர்ந்தால் மல்டிபிளக் உருகக்கூடும். ஓவனைச் சுவரில் நேராகச் செருகுங்கள், நீட்டிப்புக் கம்பியும் வேண்டாம். அரைமணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத அளவுக்குச் சுட்டால் அணைத்துவிட்டு, அன்றே மின்பணியாளரை அழையுங்கள்.