மகள் ஊர் ஊராகப் பாடப் போகிறாளா? தக்கலை அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணாச்சி, பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த மகள், "நர்சிங் வேண்டாம், சொந்தமாகப் பாட்டு எழுதி ஊர் ஊராகப் பாடுவேன்" என்று நிற்பதாகச் சொன்னீர்கள். உறவுக்காரர் பேச்சை விடுங்கள். இது நம் குமரி மாவட்டத்துக்குப் புதுத் தொழில் இல்லை. கொடை என்கிற கோயில் விழாக்களுக்கு, வில்லைத் தட்டிக் கதை பாடும் வில்லுப்பாட்டுக் குழுக்கள் தலைமுறைகளாக வில்லைத் தூக்கிக்கொண்டு போய் இதைத்தான் செய்கின்றன. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தொடங்கியதும் வில்லுப்பாட்டில்தான். பெண்பிள்ளையாச்சே என்று தயங்கினால் பூங்கனி அம்மாளை நினையுங்கள். சிறுமியாகப் பாட வந்து, வில்லின் முன் தலைமைப் பாடகியாக உட்கார்ந்து, பல்லாண்டுகள் ஊரூராகப் பாடியவர்.

அதே பூங்கனி அம்மாள் 2018-இல் காலமானார். கடைசிக் காலம் வறுமையில்தான் போனது. இதை மகளிடம் மறைக்காதீர்கள். கொடைகள் சித்திரை, ஆடி போன்ற சில மாதங்களில் நெருக்கியடித்து வரும், பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிகளில். மற்ற மாதங்களில் கை வறண்டுவிடும். வருகிற பணமும் குழுவை நடத்தும் தலைமைப் பாடகரான அண்ணாவி, குடம், உடுக்கை, ஜால்ரா வாசிப்பவர்கள் என்று பங்காகும். அதனால் பட்டப்படிப்பை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாகர்கோவிலிலேயே பி.ஏ. தமிழ் சேரட்டும். அப்புறம் ஆய்வில் மனம் போனால், நாட்டார் வழக்காற்றியலுக்குப் பெயர்போன பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆசிரியர் வேலையோ வேறு வேலையோ, பாட்டில்லாத மாதங்களைத் தாங்க ஒன்று வேண்டும்.

ஆனால் பாட்டை "படிப்பு முடியட்டும்" என்று தள்ளிவைக்காதீர்கள். இப்போதே ஒரு நல்ல அண்ணாவியிடம் சேர்த்துவிடுங்கள். பெண்கள் இருக்கிற குழுவாகப் பாருங்கள். பின்பாட்டில் உட்கார்ந்தால்தான் தொழில் புரியும். இசக்கியம்மன் கதையை இரவு முழுக்கக் கூட்டம் கலையாமல் கொண்டுபோவது எப்படி, சாமி வரும் நேரத்தில் தாளத்தை எங்கே ஏற்றுவது, தொண்டையை விடியும்வரை எப்படிக் காப்பது என்பதை எந்த வகுப்பறையிலும் சொல்லித்தர முடியாது. சொந்தப் பாட்டு எழுத நினைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய பள்ளி எனக்குத் தெரியவில்லை. ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டு, கடலோரத்து மீன்பாடு, தோவாளைப் பூச்சந்தை என்று அவள் எழுத நம்மூரில் எவ்வளவோ கிடக்கிறது!

குருவிடம் கற்ற காலத்தைத் தேதியோடு எழுதிவையுங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு உதவித்தொகை தருகிறது. நாட்டுப்புறக் கலையும் அதில் உண்டு. குருவிடம் முறையாகப் பயின்றதற்கான சான்று அங்கே கேட்பார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்திலும் உரிய வயதில் பதிந்துகொள்ளட்டும்.

இன்னொன்று. அவள் எழுதும் ஒவ்வொரு பாட்டையும் தேதி போட்டுப் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். பழைய மெட்டு ஊருக்குப் பொது, வரிகள் அவளுடையவை. பாடலாசிரியர்களுக்கு ராயல்டியில் பங்கு உண்டு என்பதைக் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 2012 திருத்தம் உறுதிப்படுத்தியிருக்கிறது. யாராவது ஆல்பம் போடலாம் என்று தாளை நீட்டினால், நீங்கள் இருவரும் முழுக்கப் படித்துப் பார்க்காமல் அவள் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்த கொடைக்கு அவளோடு நீங்களும் போய் விடியும்வரை இருங்கள். கூட்டம் கலைந்ததும் அண்ணாவியிடம், ஒரு பருவத்தில் எத்தனை இரவு பாட்டு, கைக்கு என்ன வரும் என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.