தாத்தாவின் கன்னத்தில் பச்சை

கேள்வி: எங்கள் தாத்தாவின் பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து வீட்டு பிரிண்டரில் அச்சிட்டேன். இரவில் கூடத்து பல்பு வெளிச்சத்தில் நன்றாக இருந்தது. காலையில் முற்றத்தில் பார்த்தால் முகமெல்லாம் பச்சை. ஆறு மை டேங்க் பிரிண்டர். கறுப்பு ஒன்று, மற்ற ஐந்தும் வண்ணம். கம்பெனி மைதான் ஊற்றுகிறேன். வேறு பிரிண்டர் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, உங்கள் பிரிண்டர் பழுதாகவில்லை. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாத்தாவின் கன்னத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நான் 50 மி.மீ. கேமரா லென்ஸைத் திருப்பிப் பிடித்துப் பார்ப்பேன்; அதுவே போதும். சாம்பல் என்று நினைத்த இடத்தில் நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப் புள்ளிகள் தெரியும். உங்கள் பிரிண்டரிடம் சாம்பல் மை கிடையாது. கறுப்பை மட்டும் தெளித்தால் நெற்றியிலும் கன்னத்திலும் மணல் தூவியதுபோல் ஆகிவிடும் என்பதால், வண்ணங்களைக் கலந்து சாம்பலை உண்டாக்குகிறது. அந்தக் கலவை பல்பின் மஞ்சள் ஒளியில் ஒன்றாகவும் பகல் ஒளியில் வேறாகவும் தெரியும். நீங்கள் கண்ட பச்சை அதுதான்.

ஆகவே, சாம்பல் மைக்கென்றே தனி டேங்க் உள்ள பிரிண்டரைத் தேடுங்கள். வீட்டுக்கு ஏற்றவற்றில் கேனான் ஜி570, எப்சன் எல்8160 இரண்டிலும் அது உண்டு. A3 அளவைத் தாண்டியும் அச்சிட வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் எப்சன் பி700. அதில் கறுப்போடு சாம்பல், வெளிர் சாம்பல் என்று மூன்று படிகள். 2005-இல் ஆர்2400 வந்தபோதுதான் எப்சன் இந்த மூன்று படி முறையைக் கொண்டுவந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் பல ஆண்டுகள் நின்றவன் நான். அந்த வகைப் பிரிண்டரில் வந்த முதல் படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது, தலைமுடியின் கறுப்புக்கும் கோட்டின் கறுப்புக்கும் வித்தியாசம் தெரிந்தது. அன்றுதான் மை தெளித்து அச்சிடும் இந்த இங்க்ஜெட் முறை மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அடுத்தது மை. ஜி570, எல்8160 இரண்டிலும் புகைப்படத் தாளில் விழுவது சாய மை. அது தாளுக்குள் ஊறிவிடும். பளபளப்புத் தாளில் அழகாக இருக்கும். ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டால் சீக்கிரம் மங்கும். பி700-இல் உள்ளது நிறமி மை. கடைக்காரர் பிக்மென்ட் இங்க் என்பார். அதன் துகள்கள் தாளின் மேற்பரப்பிலேயே தங்கும், நெடுநாள் நிற்கும். சுவரில் மாட்டி அடுத்த தலைமுறை பார்க்க வேண்டிய படம் என்றால் நிறமி மைதான். வீட்டில் அந்தப் பிரிண்டர் இல்லாவிட்டாலும், அது உள்ள ஸ்டுடியோவில் கொடுத்து அந்த ஒரு படத்தை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். எந்த மையானாலும் கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

கம்பெனி மையையே ஊற்றுகிறீர்கள் என்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. நான் ஒரு முறை விலை குறைவு என்று பெயர் தெரியாத மையை ஊற்றி என் அம்மாவின் படத்தை அச்சிட்டேன். அந்தக் கோடை முடிவதற்குள் புடவையின் கறுப்பு செம்மண் நிறமாகிவிட்டது. மறுபடி அச்சிட்டு மாட்டிவிட்டேன். ஆனாலும் அந்த நிறம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பி700-இல் பளபளப்புத் தாளுக்கு ஒரு கறுப்பு, பருத்தித் தாள் போன்ற மங்கல் தாளுக்கு வேறு கறுப்பு. கணினியில் தாளின் வகையைத் தவறாகக் குறித்தால் தவறான கறுப்பு விழும். கருமை வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். பலர் மையைக் குறை சொல்வது இங்கேதான்.

வாங்கும் முன் தாத்தாவின் படத்தை பென் டிரைவில் எடுத்துப்போங்கள். கடையில் அச்சிட்டுத் தரச் சொல்லி, தெருவுக்கு வந்து வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: மாதம் ஒரு முறைதான் அச்சிடுகிறேன். படத்தில் வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. மையை மாற்றலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மை நல்ல மைதான் தம்பி, அதைத் தெளிக்கும் பொடித் துளையில் உலர்ந்துவிட்டது. நாசில் செக் என்னும் சோதனைப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். எந்தக் கோடு அறுந்திருக்கிறதோ அந்த மைதான் அடைத்திருக்கிறது. ஹெட் கிளீனிங், அதாவது மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் கட்டளை, இரண்டு முறை கொடுத்தும் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். மறுநாள் திறந்துகொள்வது உண்டு. தொடர்ந்து கொடுத்தால் அத்தனை மையும் உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகும். இனி வாரம் ஒரு முறை எல்லா மையும் ஓடும்படி சிறிய படம் ஒன்றை அச்சிடுங்கள். பிரிண்டரை அதன் பொத்தானால் அணைத்த பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும்.