லண்டனுக்குச் சுற்றுலா போகும்போது பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டம் ஒன்றை மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் ஆர்செனல், செல்சி என்று அடம்பிடித்தால் கஷ்டம். பெரிய கிளப்புகளில் டிக்கெட் முதலில் உறுப்பினர்களுக்குத்தான். பொது விற்பனைக்கு மிஞ்சுவது அபூர்வம். அப்போதுதான் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கும் இணையதளங்கள் கண்ணில் படும். பக்கமே போகாதீர்கள். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்றவர் காசோடு போய்விடுவார், வாசலில் மாட்டிக்கொண்டு முழிப்பது நீங்கள்.

நான் சொல்வது ஃபுல்ஹாம், அதே லீக்கில் ஆடும் இன்னொரு லண்டன் கிளப். தேம்ஸ் ஆற்றங்கரையில் கிரேவன் காட்டேஜ் மைதானம், 30,000-க்கும் குறைவான இருக்கைகள். எதிரணி சுமாரானது என்றால் கிளப்பின் சொந்தத் தளத்திலேயே டிக்கெட் கிடைக்க வாய்ப்புண்டு. மலிவு என்று மட்டும் நினைக்காதீர்கள், விலையை எதிர்த்து அந்த ரசிகர்களே போராடியிருக்கிறார்கள்.

புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி, ஆற்றை ஒட்டிய பிஷப்ஸ் பார்க் வழியாகக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் போதும். மைதான வாசலில் ஃபுல்ஹாமின் பழைய ஆட்டக்காரர் ஜானி ஹேன்ஸ் சிலை இருக்கும். 1961-இல் வாரம் 100 பவுண்டு சம்பளம் வாங்கி இங்கிலாந்தையே வாய்பிளக்க வைத்தவர். (மைக்கேல் ஜாக்சனுக்கும் இங்கே கொஞ்ச காலம் சிலை இருந்தது. கிளப்பின் பழைய முதலாளியின் ஆசை!) ஹேன்ஸ் பெயரிலுள்ள ஸ்டாண்ட் (பார்வையாளர் மாடம்) 1905-இல் கட்டியது. அங்கே இடம் கிடைத்தால் விடாதீர்கள். இருக்கைகள் மரப்பலகை. பந்து கோல் பக்கம் போனதும் வரிசையே எழும், பலகைகள் படபடவென்று மடங்கும். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதுகூடக் காதில் விழும். டிவியில் இதெல்லாம் வராது. தூண் மறைக்கும் இருக்கைகளும் உண்டு, பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். நீங்கள் எதிரணியான லிவர்பூலின் ரசிகர், ஃபுல்ஹாம் ரசிகர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் லிவர்பூலின் சிவப்பு ஜெர்சி வேண்டாம். உங்கள் அணி கோல் அடித்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். குதித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பீரைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பதும் நடக்காது, 1985 முதல் சட்டம் அப்படி. இடைவேளையில் ஸ்டாண்டுக்குக் கீழே எல்லோரும் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு ஓடி வருவது தனி வேடிக்கை.

அப்புறம் தேதி. அட்டவணையில் சனிக்கிழமை 3 மணி என்றிருக்கும் ஆட்டம், டிவிக்காக ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாறும். அது உறுதியாகும்வரை ஊர் திரும்பும் விமானத்தை மறுநாளே போட்டுவிடாதீர்கள். மாறாமல் 3 மணிக்கே நடந்தால் உள்ளூர் டிவியில் நேரலை கிடையாது. சென்னையில் இருப்பவன் பார்க்கலாம், லண்டனில் இருப்பவன் பார்க்க முடியாது!

ஒன்றுமே அமையவில்லையா? தெற்கு லண்டனில் டல்விச் ஹாம்லெட் என்ற சின்ன கிளப் ஆடுகிறதா என்று பாருங்கள். கீழ்நிலை லீக்தான், ஆனால் அந்த பீர் தடை இங்கே இல்லை, பீரோடு கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே நிற்கலாம். இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி கோல் அடிக்கப்போகும் பக்கத்துக்கு மொத்தமாக இடம் மாறுவார்கள், நீங்களும் பின்னாலேயே போய்விடுங்கள்.