ஐந்து மணி அலாரமும் காய்ந்த வர்ணமும்

கேள்வி: இரண்டு பிள்ளைகள், முழுநேர வேலை. காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் யோகா செய்வதென்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் பத்தே நாளில் நின்றுவிட்டது. முன்பெல்லாம் வாட்டர்கலரில் படம் வரைவேன்; அந்தப் பெட்டியைத் திறந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டுக்கும் எப்படி நேரம் ஒதுக்குவது, மேடம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று மட்டும் எழுதவே இல்லையே! பதினொன்றரை என்றால் அந்த அலாரத்தை இன்றே அணைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பத்து நாளில் நின்றது சோம்பலால் அல்ல. உடம்பு தன் பாக்கியைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

யோகாவுக்கும் படத்துக்கும் ஒரே மாதிரி நேரம் தேடுகிறீர்கள். யோகாவைத் துண்டு துண்டாகச் செய்யலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தடவைக்குத் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொன்னவர்கள், 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளையும் மூச்சோடு நிதானமாகச் செய்தாலும் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் போதும். பல் துலக்கிய கையோடு நான்கு சுற்று. ஆறு நிமிடத்தில் முடிந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வஜ்ராசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குதிகால்கள் மேல், ஐந்து நிமிடம் உட்காருங்கள். வயிறு நிறைந்திருக்கும்போதும் செய்யக்கூடிய ஆசனம் அது. முழங்கால் வலி இருந்தால் வேண்டாம்.

நான் பத்தொன்பது வருடமாக யோகா சொல்லிக் கொடுக்கிறேன். என் இளையவன் கைக்குழந்தையாக இருந்தபோது, வாஷிங் மெஷின் கடைசிச் சுற்று ஓடுகிற நேரத்தில் அதன் பக்கத்திலேயே ஒற்றைக் காலில் விருட்சாசனம் செய்ததுதான் அந்த வருடத்தில் எனக்கென்று நான் செய்த யோகா. ஊருக்கெல்லாம் ஒரு மணி நேர வகுப்பு எடுத்துக்கொண்டு!

படம் அப்படியல்ல. வாட்டர்கலரில் முதல் பூச்சு காயும்வரை காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அவசரப்பட்டு மேலே பூசினால் சேறாகிவிடும். அதற்குப் பத்து நிமிடத் துண்டுகள் உதவாது. வாரத்தில் ஒருநாள், யாரும் குறுக்கிடாத இரண்டு மணி நேரம் வேண்டும். பல் டாக்டரிடம் போகிற நாளை வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ, அதே குரலில் இதையும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் உங்கள் கணவரின் பொறுப்பு. "பிள்ளைகளோடு சேர்ந்து வரையலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது நல்ல விளையாட்டுதான். ஆனால் அது அவர்களுடைய நேரம், உங்களுடையதல்ல. வரைந்ததை உடனே போட்டோ எடுத்து எங்கும் போடாதீர்கள். லைக் எண்ணத் தொடங்கினால் அதுவும் இன்னொரு வேலையாகிவிடும்.

பெட்டியில் வர்ணமெல்லாம் இறுகிப் போயிருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ட்யூபைக் கத்தரித்து, கட்டியை எடுத்துத் தட்டில் வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். இளகிவிடும்.